பட்டுத்தாடி சித்ரிக்

2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அப்போது நான் பணியாற்றிய நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. உயிர்த்த ஞாயிறு விடுமுறையை ஒட்டிய நாள்கள் என்பதால் ஆசிரியபீடத்தில் ஆள் குறைவு. இரவு பக்கத்தை முடித்து அனுப்பும் நேரத்தில் கீழ் மூலையில் நான்கு அங்குல இடம் வெறுமையாகக் கிடந்தது. செய்தி நிறுவனங்கள் அனுப்பியவற்றைப் புரட்டியபோது அயர்லாந்துச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. டப்ளின் நகருக்கு அருகே குளொன்டார்ஃப் என்னுமிடத்தில் 1014 ஏப்ரல் 23ஆம் திகதி நடந்த போரின் ஆயிரமாவது ஆண்டை அங்கே கொண்டாடுகிறார்கள் என்பது விடயம். அவசர அவசரமாக மொழிபெயர்த்து, "வைக்கிங்குகளை அயர்லாந்து விரட்டியடித்து ஆயிரம் ஆண்டுகள்" என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து தபாலட்டை ஒன்று வந்தது. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து, சிறிதும் கோபமில்லாத கடிதம். அந்தப் போர் நடந்தபோது டப்ளினை ஆண்ட வைக்கிங் அரசன் சித்ரிக் என்பவன் என்றும், போருக்குப் பின்னரும் அதே நகரை அவன் இருபத்திரண்டு வருடங்கள் ஆண்டான் என்றும் குறிப்பிட்டு, "அப்படியாயின் விரட்டியடிக்கப்பட்டவர் யார் என்று அறியத் தருவீர்களா?" என்று கேட்டிருந்தார். அட்டையை மேசை லாச்சிக்குள் வைத்தேன். திருத்தம் போடவில்லை. கீழ் மூலையில் வந்த நான்கு அங்குலச் செய்திக்கு எவர் திருத்தம் போடுவார் என்ற எண்ணம். பதிலும் எழுதவில்லை. சில வருடங்களின் பின்னர் மரண அறிவித்தல் பக்கத்தில் அவரது பெயரைக் கண்டபோதுதான் அந்த அட்டை நினைவுக்கு வந்தது. காலம் கடந்து எழுதப்படும் அந்தப் பதிலே இக்கட்டுரை.

அயர்லாந்தின் மடாலயங்களில் துறவிகள் வருடவாரியாகக் குறிப்பெழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. எந்த அரசன் எப்போது செத்தான், எந்தத் தேவாலயம் எரிந்தது, எவன் எவனைப் பிடித்தான் என்று ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் குறிப்புகள். விளக்கம் இருக்காது, அனுதாபமும் பெரும்பாலும் இருக்காது. எங்கள் தொழிலில் 'செய்திச் சுருக்கம்' என்று சொல்வோமே, ஏறத்தாழ அதுதான். அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள், டிகர்னாக் ஆண்டுக்குறிப்புகள் என்பன அவற்றுள் முக்கியமானவை. கோர்க் நகரின் பல்கலைக்கழகக் கல்லூரி இவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை இணையத்தில் இட்டிருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுவதும் அவற்றுள் சித்ரிக்கின் பெயரைத் தேடித் தேடி வாசித்தேன்.

வைக்கிங்குகள் அயர்லாந்துக் கரையில் முதன்முதல் கொள்ளையிட்டது 795ஆம் ஆண்டில். ஆரம்பத்தில் வந்து அடித்துவிட்டு ஓடினார்கள். 841இல் லிஃபி நதி முகத்துவாரத்தில் கப்பல்களை இழுத்துக் கரையேற்றி, பனிக்காலத்தைக் கழிக்க ஓர் அரணை அமைத்தார்கள். டப்ளின் நகரத்தின் தொடக்கம் அதுவே. 'கரிய குளம்' என்று பொருள்படும் டப்ளின் என்ற பெயர் அயர்லாந்து மொழிக்குரியது. குடியேறியவர்கள் அதைத் தங்கள் நாவுக்கு ஏற்ப டிஃப்ளின் என்றார்கள். 902இல் அயர்லாந்து அரசர்கள் அவர்களை உண்மையாகவே விரட்டினார்கள். 917இல் திரும்பி வந்து மறுபடியும் நகரைக் கட்டினார்கள். ஆக, 'விரட்டியடித்தல்' என்று எழுத விரும்பும் பத்திரிகையாளனுக்குப் பொருத்தமான ஆண்டு 902.

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டப்ளின் பணக்கார நகரம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு அடிமை வியாபாரத்தில் வந்தது. சித்ரிக்கின் தந்தை ஒலாஃப் கூவரான் அந்த நகரையும், கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் யோர்க்கையும் ஆண்டவன். 943இல் இங்கிலாந்து அரசன் எட்மண்ட் முன்னிலையில் ஞானஸ்நானம் பெற்றவன். 980இல் தாரா என்ற இடத்தில் மீத் நாட்டு அரசன் மலக்கியுடன் மோதித் தோற்றான். மூத்த மகனையும் அங்கே இழந்தான். வெற்றிபெற்ற மலக்கி டப்ளினில் அடிமைகளாக இருந்த அயர்லாந்தியர்களை விடுவித்தான். ஒலாஃப் ஸ்கொட்லாந்துக் கரையோரத்து ஐயோனாத் தீவின் மடாலயத்துக்குப் போய் அடுத்த வருடமே இறந்தான். வைக்கிங் அரசன் ஒருவனின் வாழ்க்கை துறவியர் மடத்தில் முடிந்தது என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். சித்ரிக் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை.

அவனது தாய் கோர்ம்லா. டப்ளினுக்குத் தெற்கே இருந்த லென்ஸ்டர் நாட்டு அரசனின் மகள். கலப்பில்லாத அயர்லாந்துப் பெண். ஒலாஃபின் மறைவுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த குளூனியார்ன், சித்ரிக்கின் மாற்றாந்தாய் மகன். 'இரும்பு முழங்கால்' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இவனது தாயும் அயர்லாந்துப் பெண்ணே. அதைவிட வேடிக்கை, தாராவில் ஒலாஃபை வீழ்த்திய அந்த மலக்கிக்கும் அவள்தான் தாய். அதாவது டப்ளினை வென்ற அயர்லாந்து அரசனும் டப்ளினை ஆண்ட வைக்கிங் அரசனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். போதாததற்குச் சித்ரிக்கின் சகோதரி ஒருத்தி மலக்கியின் மனைவி. முதல் வாசிப்பில் நானும் தடுமாறினேன். ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே குறிப்புகள் விளங்கின.

989இல் இரும்பு முழங்காலனை மதுபோதையில் இருந்தபோது அவனுடைய அடிமையே கொன்றுவிட்டான். மலக்கி டப்ளினை முற்றுகையிட்டான். இருபது இரவுகள் நகரத்தவர் கடல்நீரைத் தவிர வேறு நீரில்லாமல் தவித்ததாக டிகர்னாக் குறிப்பு சொல்கிறது. இறுதியில் பணிந்தார்கள், வீட்டு வளவு ஒன்றுக்கு ஓர் அவுன்ஸ் பொன் வீதம் ஒவ்வொரு நத்தார் இரவிலும் செலுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். சித்ரிக் அரசனாவது இந்த வருடத்தில்தான். நகரமும் கடனும் ஒன்றாகவே அவன் கைக்கு வந்தன. சில வருடங்களில் வோட்டர்போர்ட் நகரின் வைக்கிங் அரசன் ஐவர் அவனைத் துரத்திவிட்டு டப்ளினைப் பிடித்தான். 995 அளவில் சித்ரிக் மீண்டும் வந்து சேர்ந்தான். அதே வருடம் மலக்கி நகருக்குள் புகுந்து, தோர் தெய்வத்தின் கணையாழியையும் கார்லஸின் வாள் எனப்பட்ட குலவாளையும் பறித்துச் சென்றான். இந்த வாளைப் பின்னர் ஒருமுறை சந்திப்போம்.

'பட்டுத்தாடி' என்பது அவனுக்கு வழங்கிய பட்டப்பெயர். ஆண்மைக் குறைவைச் சுட்டும் கேலியா, அழகைச் சுட்டும் புகழ்ச்சியா என்பது அவரவர் விருப்பம். அக்காலத்து டப்ளினில் பட்டு அரிய பொருளாயினும் இல்லாத பொருளன்று. கிழக்கிலிருந்து வந்த பட்டுத்துணியில் தைத்த தலையணிகள் அந்நகரின் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன.

ஐஸ்லாந்துக் கதை நூல் ஒன்று இளம் அரசனான சித்ரிக்கைப் பற்றி ஒரு காட்சியைத் தருகிறது. குன்லாவ்க் என்ற புலவன் கடல் கடந்து வந்து அவனைப் பாடுகிறான். இதற்கு முன் எவரும் தன்னைப் பாடியதில்லை என்று அரசன் மகிழ்ந்துபோகிறான். தன் பொருளாளனை அழைத்து, பரிசிலாக இரண்டு கப்பல்களைக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறான். பொருளாளன் பதறிப்போய், அது மிகையாகும் அரசே, மற்ற அரசர்கள் வாளோ பொன் வளையமோதான் கொடுப்பார்கள் என்கிறான். கடைசியில் அரசன் தான் உடுத்தியிருந்த செந்நிற உடையையும் மென்மயிர் வைத்த மேலங்கியையும் பொன் வளையம் ஒன்றையும் கொடுத்து அனுப்புகிறான். நூல் மிகவும் பிற்காலத்தது. அப்படியே நடந்ததென்று எவரும் சத்தியம் செய்யமுடியாது. ஆனால் இரண்டு கப்பல் கொடுக்க நினைத்த அந்த இளைஞனை எனக்குப் பிடித்திருந்தது. பொருளாளனையும் பிடித்திருந்தது, எல்லா நிறுவனங்களிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

இக்காலத்தில் சித்ரிக் செய்த ஒரு காரியம் அவனுக்கு அயர்லாந்து வரலாற்றில் நிலையான இடத்தைக் கொடுத்தது. 997 அளவில் அவன் வெள்ளி நாணயம் அச்சிட்டான். அயர்லாந்து மண்ணில் அச்சிடப்பட்ட முதல் நாணயம் அது. இங்கிலாந்து அரசன் எதெல்ரெட்டின் பென்னியைப் பார்த்து அப்படியே செய்யப்பட்டது. ஆரம்ப நாணயங்கள் சிலவற்றில் எதெல்ரெட்டின் பெயரைக்கூட மாற்றவில்லை. வியாபாரத்துக்குப் பழகிய முகம்தானே செல்லுபடியாகும். பிறகு வந்தவற்றில் 'டப்ளின் அரசன் சித்ரிக்' என்று இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். பின்புறத்தில் சிலுவை, சிலுவையைச் சுற்றி அச்சிட்டவனின் பெயர். ஃபெரமின் என்ற அச்சுக்காரனின் பெயர் இப்படித்தான் ஆயிரம் ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது. நாட்டின் பெரிய அரசர்களான மலக்கியோ பிரையனோ நாணயம் அச்சிடவில்லை. மாடுகளை எண்ணிச் செல்வத்தை அளந்த தேசத்தில், காசு எண்ணி வாழ்ந்தது டப்ளின்.

இனிப் பிரையன் போருவிடம் வரலாம். தெற்கே மன்ஸ்டர் நாட்டில், முன்னர் பெரிதாக அறியப்படாத குலம் ஒன்றில் பிறந்து, ஒவ்வொரு படியாக ஏறியவன். 997இல் அவனும் மலக்கியும் அயர்லாந்தைத் தமக்குள் வடக்குத் தெற்காகப் பங்கிட்டார்கள். டப்ளினும் லென்ஸ்டரும் பிரையனின் பங்குக்குப் போயின. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. சித்ரிக்கும் அவனது தாய்மாமன் மெய்ல்மோர்தாவும் 999இல் கிளர்ந்தெழுந்தனர். அவ்வருடம் டிசம்பரின் இறுதியில் கிளென்மாமா என்ற இடத்தில் பிரையனும் மலக்கியும் அவர்களை நொறுக்கினர். 1000ஆம் ஆண்டு பிறந்தபோது டப்ளின் எரிந்துகொண்டிருந்தது. சித்ரிக் வடக்கே அல்ஸ்டருக்கு ஓடி அடைக்கலம் கேட்டான். யாரும் கொடுக்கவில்லை. திரும்பி வந்து பிரையனின் காலடியில் பணிந்தான்.

இங்கேதான் பிரையனின் கெட்டித்தனத்தைக் கவனிக்கவேண்டும். வென்ற நகரத்தை அவன் தன் ஆள்களுக்குக் கொடுக்கவில்லை. சித்ரிக்கிடமே திருப்பிக் கொடுத்தான். கப்பல்களையும் சந்தையையும் நடத்தத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தால்தான் திறை வரும். தன் மகள் ஸ்லோனியாவைச் சித்ரிக்குக்கு மணமுடித்து வைத்தான். சித்ரிக்கின் தாய் கோர்ம்லாவைத் தான் மணந்துகொண்டான். ஆகவே சித்ரிக் அவனுக்கு மருமகன். மனைவியின் மகனும் அவனே. பிரையனுக்கும் கோர்ம்லாவுக்கும் பிறந்த டொன்கா, சித்ரிக்கின் தாய்வயிற்றுச் சகோதரன். 1002இல் மலக்கி பிரையனுக்குப் பணிய, அவன் அயர்லாந்தின் பேரரசனானான். அதே வருடம் சித்ரிக் கப்பல்களுடன் அல்ஸ்டர் கரைக்குப் போய்த் தேவாலயங்களைக் கொள்ளையிட்டான். அன்று அடைக்கலம் மறுத்ததற்குப் பழி.

இந்த ஏற்பாடு ஏறத்தாழ ஒரு பத்தாண்டு தாங்கியது. ஏன் உடைந்தது என்பதற்குப் பழைய நூல் ஒரு குடும்பக் கதை சொல்கிறது. மெய்ல்மோர்தா, பிரையன் தனக்குக் கொடுத்த பட்டு அங்கியின் வெள்ளிப் பொத்தான் கழன்றுபோக, அதைத் தைத்துத் தரும்படி சகோதரி கோர்ம்லாவிடம் கொடுத்தானாம். அவளோ, எங்கள் தகப்பனும் பாட்டனும் எவனுக்கும் பணிந்ததில்லை, நீ இவன் கொடுத்த துணியைப் போட்டுக்கொண்டு அலைகிறாயே என்று ஏசி, அங்கியை நெருப்பில் எறிந்தாளாம். கதை நன்றாயிருக்கிறது. பெரும் போர்களுக்கு ஒரு பெண்ணின் நாக்கைக் காரணம் சொல்வது எல்லா நாட்டுப் புலவர்களுக்கும் வசதியான வழக்கம் என்பதால் நான் அதை ஒதுக்கிவைக்கிறேன். லென்ஸ்டருக்கு மன்ஸ்டரின் மேலாண்மை பிடிக்கவில்லை, டப்ளினுக்குத் திறை பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம்.

1013 இலையுதிர்காலத்தில் பிரையன் டப்ளினை முற்றுகையிட்டான். நத்தார் வரை இருந்து, உணவு தீர்ந்து திரும்பினான். வசந்தத்தில் மீண்டும் வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பனிக்காலத்தில் சித்ரிக் துணை தேடிக் கடலில் அலைந்தான். ஒர்க்னித் தீவுகளின் பிரபு சிகுர்ட்டிடம் போனான். வெற்றி கிடைத்தால் தன் தாயையும் டப்ளின் அரசையும் தருவதாக வாக்களித்தான் என்று ஐஸ்லாந்துக் கதை கூறுகிறது. பிறகு மான் தீவருகே கப்பல்களுடன் நின்ற புரோடிரிடமும் போய், அதே தாயையும் அதே அரசையும் இரகசியமாக வாக்களித்தானாம். இருவரும் உயிரோடு திரும்பி வந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பதைக் கதை சொல்லவில்லை. அந்தச் சங்கடம் அவனுக்கு ஏற்படவில்லை.

1014 ஏப்ரல் 23, பெரிய வெள்ளி. ஒரு பக்கம் பிரையனின் மன்ஸ்டர் படை, கொனாட்டைச் சேர்ந்த சிலர், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு பிரபு. மறுபக்கம் மெய்ல்மோர்தாவின் லென்ஸ்டர் அயர்லாந்தியர், டப்ளின் வைக்கிங்குகள், ஒர்க்னியிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்த வைக்கிங்குகள். அயர்லாந்தின் வடபகுதி அரசர்கள் வரவேயில்லை. மலக்கி படையுடன் வந்தும் ஒதுங்கி நின்றான் என்று பிரையன் பக்கத்து நூல் குற்றஞ்சாட்டுகிறது. என் தலைப்பில் இருந்த 'அயர்லாந்து' இந்தக் களத்தில் எந்தப் பக்கம் நின்றது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

சூரிய உதயத்தில் தொடங்கிய சண்டை மாலை வரை நடந்தது. காலையில் கடல் பொங்கி நின்றதாகவும், மாலையில் மீண்டும் பொங்கியதால் தோற்றோடியவர்கள் கப்பல்களை அடையமுடியாமல் மூழ்கியதாகவும் பழைய நூல் எழுதுகிறது. 1860களில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் சாமுவேல் ஹோட்டன் அன்றைய நாளின் கடல் ஏற்றத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். காலை ஐந்தரை மணியளவிலும் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னரும் கடல் ஏறியிருந்தது என்று கணக்கு வந்தது. எவ்வளவோ மிகைப்படுத்திய நூலாசிரியர் கடல் விடயத்தில் மட்டும் உண்மையை எழுதியிருக்கிறார்.

சிகுர்ட் இறந்தான். புரோடிர் இறந்தான். மெய்ல்மோர்தா இறந்தான். சித்ரிக்கின் சகோதரன் டூகல் இறந்தான். மறுபக்கத்தில் பிரையனின் மகன் முர்கத்தும், பேரன் டர்லாவும் இறந்தனர். பேரன் கடலில் மூழ்கிக் கிடந்த சிறுவன். எழுபதைக் கடந்த பிரையன் களத்துக்குப் பின்னால் தன் இருப்பிடத்தில் கொல்லப்பட்டான். அவனது உடலை ஆர்மா நகருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தார்கள்.

சித்ரிக் எங்கே? ஐஸ்லாந்துக் கதை அவனைக் களத்தில் நிறுத்துகிறது. அயர்லாந்து நூலோ அவனை நகர மதிலின் மேல் நிறுத்துகிறது. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இதையே ஏற்கிறார்கள். நகரைக் காக்க ஒரு படை உள்ளே இருக்கவேண்டிய தேவையும் இருந்தது. மதிலில் அவனருகே மனைவி ஸ்லோனியா. கீழே ஒரு பக்கம் அவளுடைய தகப்பன், சகோதரன். மறுபக்கம் கணவனின் மாமன், சகோதரன். காலையில் சித்ரிக், நம்மவர்கள் வயலை நன்றாக அறுக்கிறார்கள் பார் என்றானாம். மாலையில் வைக்கிங்குகள் கடலை நோக்கி ஓடியபோது அவள், வெய்யில் தாங்காத மாடுகள் போலத் தங்கள் பரம்பரைச் சொத்தான கடலுக்குப் போகிறார்கள், பால் கறக்க நிற்கவும் மாட்டார்களோ என்றாளாம். அவன் அறைந்ததில் அவளது பல் ஒன்று உடைந்து விழுந்தது.

அந்த அறை உண்மையா என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. எழுதியவர் அங்கே இருக்கவில்லை. அந்த நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், பிரையனின் கொள்ளுப்பேரர்கள் பேரரசுக்குப் போட்டியிட்ட காலத்தில், அவர்களின் பெருமைக்காக எழுதப்பட்டது. அந்நியருக்கு எதிரான அயர்லாந்தியரின் போர் என்பதே அதன் பெயரின் பொருள். அதிகாரப் போட்டி ஒன்று இனப்போராக மாறியது அந்த ஏட்டில். பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேசியவாதிகள் அதை எடுத்துக்கொண்டார்கள், பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொண்டன, செய்தி நிறுவனம் எடுத்துக்கொண்டது, கடைசியாக நான். எங்கள் நாட்டில் பிறந்து, மன்னர் கதைகள் எப்படிப் பரிமாறப்படுகின்றன என்று அறிந்த ஒருவன் இதைச் செய்திருக்கக்கூடாது.

உண்மையில் போரின் மறுநாள் டப்ளின் விழவில்லை. பிரையனின் எஞ்சிய மகன் டொன்கா காயப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினான். மலக்கி மீண்டும் பேரரசனாகி, 1015இல் டப்ளின் மதிலுக்கு வெளியே இருந்த வீடுகளை எரித்தான். சித்ரிக் உள்ளே இருந்தான். தொடர்ந்தும் இருந்தான்.

ஆனால் அவனைப் பாவப்பட்டவனாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. 1018இல், குளொன்டார்ஃபில் தன் பக்கம் நின்று செத்த மாமன் மெய்ல்மோர்தாவின் மகனை, டப்ளினில் வைத்துக் கண்களைக் குருடாக்கினான். 1019இல் கெல்ஸ் மடாலயத்தைக் கொள்ளையிட்டுப் பலரைக் கொன்றான். பலரைப் பிடித்துச் சென்றான். பிடிபட்டவர்களின் வழி எங்கே போகிறது என்பது டப்ளின் சந்தையை அறிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு தோல்விகள்: 1021இல் லென்ஸ்டரிடம் தரையில், 1022இல் அல்ஸ்டரிடம் கடலில்.

1028இல் அவன் ரோமாபுரிக்கு யாத்திரை போனான். முந்திய வருடம் இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் ஆண்ட கனூட் அரசன் அங்கே போய் வந்திருந்தான். சித்ரிக் தனியாகப் போகவில்லை; பக்கத்து நாடான பிரேகாவின் அயர்லாந்து அரசன் கூடப் போனான். வழியெல்லாம் அவர்கள் என்ன மொழியில் பேசியிருப்பார்கள்? சித்ரிக்கின் தாய்மொழியில் என்றே நினைக்கிறேன். தாய்மொழி என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளில் எழுதுகிறேன். திரும்பி வந்து டப்ளினில் கிறைஸ்ட் சேர்ச் பேராலயத்தை நிறுவினான். டூனன் என்ற அயர்லாந்தியர் நகரின் முதல் ஆயரானார். பேராலயத்துக்கு நிலமும், நிலத்தோடு மாடுகளும் தானியமும், அங்கே உழைக்கும் மனிதர்களும் எழுதிக் கொடுக்கப்பட்டன. இன்று நிற்கும் கல் கட்டிடம் பிற்காலத்தது, இடம் அதுதான்.

1029இல் அவன் மகன் ஒலாஃபை, பிரேகா நாட்டு மதகமன் பிடித்துவைத்துக்கொண்டு கப்பம் கேட்டான். அல்ஸ்டர் குறிப்பு அந்தப் பட்டியலைப் பொறுமையாக எழுதுகிறது. 1,200 பசுக்கள், வேல்ஸ் நாட்டுக் குதிரைகள் 120, பொன் 60 அவுன்ஸ், தூய வெள்ளி 60 அவுன்ஸ், இன்னும் பணயக்கைதிகள். இவற்றோடு கார்லஸின் வாள். 995இல் மலக்கி பறித்துப்போன வாள் எப்படியோ டப்ளினுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இப்போது மகனுக்காக மறுபடியும் போகிறது. எத்தனையோ பேரின் பிள்ளைகளை விற்ற நகரம், தன் அரசனின் பிள்ளைக்காகக் கொடுத்த விலை இது. அடுத்த வருடம் கோர்ம்லா இறந்தாள்.

1031ஆம் ஆண்டுக் குறிப்பைப் பலமுறை வாசித்தேன். டப்ளின்காரர்கள் ஆர்ட்பிரக்கன் மடாலயத்தைத் தாக்கினார்கள். கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்துக்குள் 200 பேர் எரிக்கப்பட்டார்கள். 200 பேர் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவ்வளவுதான் குறிப்பு. ரோமாபுரியிலிருந்து வந்து மூன்று வருடம். சொந்த நகரில் பேராலயம் எழும்பிக்கொண்டிருந்த காலம். தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் எரிந்ததைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. பேராலயத்தைக் கட்டியவனும் இதைச் செய்தவனும் ஒரே ஆள். எவரும் அவனைக் கட்டாயப்படுத்தியதாக எங்கும் எழுதப்படவில்லை. அயர்லாந்துக் கிறிஸ்தவ அரசர்களும் எதிரிநாட்டுத் தேவாலயங்களை எரித்திருக்கிறார்கள் என்பது உண்மை. அது அந்த 200 பேருக்கும் ஒன்றுமில்லை.

மீட்டெடுத்த மகன் ஒலாஃப் 1034இல் ரோமாபுரிக்கு யாத்திரை போகும் வழியில் இங்கிலாந்துக்காரர்களால் கொல்லப்பட்டான். 1035இல் சித்ரிக், வோட்டர்போர்ட் அரச குலத்து ரக்னலைத் தன் நகரில் வைத்துக் கொன்றான், பழைய பகை. அடுத்த வருடம், 1036இல், அவன் டப்ளினைவிட்டு விரட்டியடிக்கப்பட்டான்.

ஆம், கடைசியில் விரட்டியடிக்கப்பட்டான். விரட்டியவன் எக்மர்காக் என்பவன். அயர்லாந்துப் பெயர் கொண்ட, தீவுகளில் ஆட்சி செலுத்திய, சித்ரிக்கைப் போன்ற இன்னொரு கலப்பு வைக்கிங். சரித்திர ஆசிரியர் ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் கொடுக்கமுடிந்த விடை இதுதான்.

சித்ரிக் 1042இல் கடல் கடந்த இடமொன்றில் இறந்தான். கன்னியர் மடத்தில் இருந்த அவன் மகளும் அதே மாதத்தில் அயர்லாந்தில் இறந்தாள். வழியில் கொல்லப்பட்ட ஒலாஃபுக்கு ரக்னில்ட் என்றொரு மகள் இருந்தாள். அவள் வேல்ஸ் நாட்டிலிருந்து நாடிழந்து டப்ளினுக்கு வந்த ஓர் இளவரசனை மணந்தாள். அவர்களுக்கு டப்ளினில் பிறந்த பிள்ளை குருஃபித் அப் கைனன், பின்னாளில் வட வேல்ஸின் பேர்பெற்ற அரசன்.

பேராலயத்துக்கும் லிஃபி நதிக்கும் இடையில் உள்ள சரிவான நிலத்துக்கு வுட் கீ என்று பெயர். 1970களில் டப்ளின் மாநகர சபை தன் அலுவலகங்களைக் கட்ட அங்கே தோண்டியபோது, சித்ரிக்கின் நகரம் வெளிப்பட்டது. சதுப்பு மண் எதையும் உக்கவிடாமல் வைத்திருந்தது. வரிச்சு பின்னிய சுவர்களுடன் நூற்றுக்கும் அதிகமான வீடுகள், வேலிகள், மரம் பாவிய நடைபாதைகள், மான்கொம்புச் சீப்புகள், சப்பாத்துத் தோல் துண்டுகள், பிள்ளைகளின் மரக் கப்பல்கள். துறவியும் வரலாற்றுப் பேராசிரியருமான மார்ட்டின் அடிகளார் தலைமையில் இயக்கம் தொடங்கியது. 1978 செப்டெம்பரில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் அந்த இடத்தைக் காப்பாற்றக் கோரித் தெருவில் நடந்தார்கள். பிரையன் வைக்கிங்குகளை விரட்டினான் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்கள், வைக்கிங் தெருக்களுக்காக நடந்தார்கள்.

1979 ஜூன் முதலாம் திகதி ஒரு குழுவினர் தோண்டிய நிலத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டனர். அரசியல்வாதிகள், எழுத்தாளர்கள், கல்விமான்கள் அவர்களுள் இருந்தனர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் அங்கேயே இருந்தார்கள். அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சித்ரிக் நடவடிக்கை'. நீதிமன்றம் அவர்களை வெளியேற்றியது. அகழ்வாராய்ச்சிக்குக் கிடைத்த அவகாசம் 1981இல் முடிந்தது. மாநகர சபையின் அலுவலகங்கள் அங்கே கட்டப்பட்டன.